முதல் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை கோயில் துணி வரும்.
சங்கிலித்தாமின் சைக்கிள் கரியலில்
பழைய பிஸ்கட் பெட்டி, மேலே ரப்பர் பட்டி.
சுவாமி கிண்ணம் துடைக்கிற துணி ஆறு,
கை துடைக்கிறது மூன்று.
ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில்
நகக்கண் அளவு சிலுவை.

நான் பாசையூருக்கு வாழவந்த வருசம்
சிஸ்டர் கிளெமென்சியா சொல்லித் தந்தவ:
"முதல் தண்ணி காணுக்குள்ள போகப்படாது, ஜெறோமினா.
ஆண்டவற்ற இரத்தம் துளி இருந்தாலும் இருக்கும்.
மண்ணில ஊத்து.
ஆரும் மிதிக்காத மண்ணில."

அரைப் பரப்புக் காணி.
வலை காய்கிறது, கோழி கிளறுகிறது,
மூன்று பிள்ளைகள் நாள் முழுக்க ஓடுகிறார்கள்.
ஆரும் மிதிக்காத மண்ணுக்கு எங்கே போக?
கடைசியில் தேசிமரத்தைச் சுற்றி
உடைந்த ஓடுகள் நட்டேன்.
முள்ளுக்குப் பயந்து கோழியும் கிட்டப் போகாது.

கிணறு உவர்.
பவுசர் கிழமையில் இரண்டு நாள்.
கோயில் துணிக்கு நல்ல தண்ணீர்,
பிள்ளைகளின் மூத்திரச் சீலைக்குக் கிணற்றுத் தண்ணீர்.
இது சிஸ்டர் சொன்னதில்லை,
நானாக வைத்த சட்டம்.

அயன் பண்ணும்போது செபம் சொல்லுவேன் என்று
பொய் சொல்லமாட்டேன்.
கறன்ட் பில்லை நினைப்பேன்.
நண்டு பட்டால் மூத்தவனுக்குச் சப்பாத்து,
படாவிட்டால் பழைய சப்பாத்துக்குப் பசை.
அருள் நிறைந்த மரியாயே வரை வந்து
அடுப்பில் பால் பொங்கும்.

போன வெள்ளி இரவு
அவர் தொழிலுக்குப் போயிருந்தார்.
கறன்ட் இல்லை.
சின்னவள் டெஸ்மினாவுக்கு உடம்பு கொதித்தது.
எழும்பி இருந்து சத்தி எடுத்தாள்,
பாயில், என் மடியில், தன் தலைமயிரில்.
கதிரையில் கை பட்டதை இழுத்துத் துடைத்தேன்.
வாய். நாடி. கழுத்து மடிப்பு.
காதுக்குப் பின்னால்.
பிறகுதான் போன் வெளிச்சத்தில்
சிவப்புச் சிலுவையைக் கண்டேன்.

"மாதாவே" என்றேன்.
அவள் திரும்பவும் எடுத்தாள்.
அதே துணியால் திரும்பவும் துடைத்தேன்.

முதல் தரம் தெரியாமல்.
இரண்டாம் தரம் தெரிந்து.
பாவசங்கீர்த்தனத்தில் முதலாவதைச் சொல்லலாம்,
இரண்டாவதை
எந்தக் கட்டளைக்குக் கீழே சொல்வது?

அவளுக்கு அந்தத் துணி பிடித்துவிட்டது.
எத்தனை வருசம் தோய்த்த துணி,
வெற்றிலை போல மெதுமை.
ஒரு மூலையை வாய்க்குள் வைத்தபடி
விடியப்புறம் நித்திரையானாள்.
பல்லுப் பட்டு
சிலுவையின் ஒரு கை நூல் பிரிந்திருந்தது.

காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது.
குடத்தில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரில்
பாதி அவளுக்கு, பாதி துணிக்கு.
கலங்கி வந்தது,
கஞ்சிப் பருக்கையும் புளித்த பாலும்.
வாளியோடு காணடியில் போய் நின்றேன்,
கனநேரம்.
பக்கத்து வீட்டு லூர்த்தக்கா கேட்டா,
"என்ன பிள்ளை, மோதிரம் கீதிரம் விழுந்திட்டோ?"
இல்லை அக்கா என்று
தேசிமரத்தடிக்கு நடந்தேன்.
முள் கீறியது. ஊற்றினேன்.

ஞாயிறு பூசை.
நன்மை குடுத்து முடிய
சுவாமி கிண்ணத்தை அலசிக் குடித்தார்,
துணியை உதறி விரித்தார்.
எங்கள் வாங்கிலிருந்து
சிலுவையும் தெரியாது, நூலும் தெரியாது.
டெஸ்மினா மட்டும் வாங்கில் ஏறி நின்று
கோயில் கேட்கச் சொன்னாள்:
"அம்மா, அது என்ர துணி."

மூன்று வரிசை திரும்பியது.
வாயைப் பொத்தினேன்.
சுவாமி நிமிரவில்லை.
கிண்ணத்தின் விளிம்பை,
உள்ளே, வெளியே,
விளிம்பைத் திரும்பவும்,
அவசரமில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார்,
காதுக்குப் பின்னால் துடைப்பது போல.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது.
சங்கிலித்தாம் சைக்கிளை விட்டு இறங்காமலே,
"சுவாமி ஒண்டு சொன்னவர்" என்றார்.
எனக்குக் கால் குளிர்ந்தது.
"கஞ்சி காணாதாம். துணி துவளுதாம்."

"ஓம் அண்ணை, போடுறன்" என்றேன்.

ஐந்துக்குப் போட்டேன்.
நூல் பிரிந்ததை மட்டும்
விட்டுவிட்டேன்.