இல் வீட்டார்

சீரியல் டப்பாவின் அட்டையை வெட்டி
திபோடோ டீச்சர் ஒரு வீடு செய்திருக்கிறார்.
சிவப்புக் கூரை. ஒரே ஜன்னல்.
ஜன்னலில் குடியிருக்கிறது ஒரு சத்தம்: இல்.
பக்கத்துக் கதவு வழியே
எழுத்து நாடாவை இழுக்க இழுக்க
ஆள் மாற்றி ஆள் வந்து நிற்பார்கள்.

ஹ் வந்தால் ஹில்.
ஃப் வந்தால் ஃபில்.
ம் வந்ததுதான் தாமதம்,
பதினேழு பேரும் டீச்சரை முந்திக்கொண்டு
மில்! என்கிறார்கள்.
மெய்ன் மாநிலம், ஆற்று வளைவு,
காகித ஆலையின் நிழல் விழும் பள்ளிக்கூடம்.
வாசிக்கத் தெரியும் முன்பே
தெரிந்திருந்த சொல்.

எனக்குத்தான் தடுமாற்றம்.
எதுகையை முன்வாசலில்,
இரண்டாம் எழுத்தில் தேடிப் பழகிய காது.
இவர்களுக்கு உறவெல்லாம் வாலில்.
தலையை எத்தனை முறை மாற்றினாலும்
குடும்பம் கலைவதில்லை.
அந்த இல் வேறு,
வீடு என்றும் படிக்கிறது எனக்கு,
இல்லை என்றும் படிக்கிறது.

மாத்திரையும் ரசீதும்
என் நோட்டில் ஒரே பில்லாக விழுகின்றன.
இவர்கள் உதட்டில் அவை இரண்டு.
ஒவ்வொரு வாய்க்கு முன்னாலும்
டீச்சர் ஒரு டிஷ்யூவைப் பிடிக்கிறார்.
தாள் துள்ளினால் மாத்திரை.
தொங்கிக் கிடந்தால் ரசீது.
"அது எங்க ஃபிரிட்ஜ் மேல நிறைய ஒட்டியிருக்கு"
என்கிறான் எமீல், தொங்கும் தாளைப் பார்த்து.

எமீலுக்கு இன்னொரு வழக்கும் உண்டு.
என் பேரும் இந்த வீடுதானே,
என்னை ஏன் சேர்க்கல?
டீச்சர் பேரை இழுத்துச் சொல்லிக் காட்டுகிறார்:
நீ கொஞ்சம் நீளம்டா, பக்கத்து வீடு.
அவன் ஒத்துக்கொள்ளவில்லை.
நாடாவின் கடைசியில் ஊதா கிரேயானால்
எம் என்று தானே எழுதிவைத்தான்.
இழுத்தால் வருகிறான்,
சற்றே குட்டையாக.

பிறகு படம். எந்தச் சொல் கிடைத்ததோ அதை வரைய வேண்டும்.
ஹில் சுலபம், கவிழ்த்த பச்சைக் கிண்ணம்.
மில் நாலு பேருக்கு.
மூன்று தாள்களில் புகைபோக்கி இருக்கிறது,
புகை இல்லை.
ஓரின் மட்டும் சாம்பல் கிரேயான் தேயும் வரை
வானத்தை அடைத்துவிட்டான்.
"இது எங்கப்பா போட்டோல இருக்கற மில்."

ஹோதானுக்கு விழுந்தது வில்.
என் கை உடனே ஒரு வளைவும் நாணும்
வரைந்துவிடும்.
இந்த ஊர் வில்லுக்கு உருவம் கிடையாது.
நம்மிடம் வருவேன் போவேன் என்று
வினையின் நுனியில் ஒட்டிக்கிடக்கும் நாளை,
இங்கே தனியே நிற்கிறது.
அவள் கிரேயான் பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.
தாளின் மூலையில் தன் பெயரை எழுதி
வெள்ளையாகவே நீட்டினாள்.
"இன்னும் நடக்கல, மிஸ்."
டீச்சர் அதையும் சுவரில் ஒட்டினார்.

கடைசியாக, வீட்டார் இருவரைச் சேர்த்து
ஒரு வாக்கியம்.
ஓரின் எழுந்தான்.
ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தள்ளித் தள்ளி
வாழ்க்கையின் முதல் வாக்கியத்தைக்
கரைசேர்த்தான்:
மில். இஸ். ஸ்டில்.

அசையாமல் கிடக்கிறது என்றும் ஆகும்.
இன்னும் இருக்கிறது என்று ஆரம்பித்து
அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பதாகவும் ஆகும்.
எது என்று டீச்சர் கேட்டிருக்கலாம்.
ஜன்னல் பக்கம் திரும்பினார்,
அட்டை ஜன்னல் அல்ல, நிஜ ஜன்னல்.
ஓரினுக்கு அதெல்லாம் தெரியாது.
படிச்சிட்டேன், படிச்சிட்டேன் என்று
ஒவ்வொரு மேசையாகத் தட்டிக்கொண்டு போகிறான்.

பஸ் வந்துவிட்டது.
பதினேழு கோட்டு, முப்பத்துநான்கு பூட்ஸ்,
ஒரு கையுறை குறைகிறது.
குப்பைக் கூடை முழுக்கத் துள்ளிய, தொங்கிய டிஷ்யூ.
அட்டை வீட்டின் கதவில்
யாரோ போகிறபோக்கில் இழுத்துவிட்டிருக்கிறார்கள்,
ஊதா நிறத்தில், எம்.