இரும்பு இரவுகள்

ஆகஸ்ட் முடியும்போது வரும் ஓரிரு குளிர் இரவுகளை
இரும்பு இரவுகள் என்போம் இங்கே.
ஏன் இரும்பு என்று யாரும் கேட்டதில்லை.
விடிந்ததும் பூசணி இலையைத் தொட்டவர்களுக்குக்
கேட்கத் தோன்றாது.

இந்த ஆண்டு அவை வரவில்லை.
கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட விருந்தாளிபோல
வெயில் ஏரிக்கரையிலேயே தங்கிவிட்டது.
பேருந்து ஓட்டுகிறவள் நான்.
அப்படிப்பட்டவர்களின் முகம் எனக்குத் தெரியும்:
சிரிப்பார்கள், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

செப்டம்பர் ஒன்பது. வானொலி சொன்னது,
இன்றிரவு மைனஸ் இரண்டு.
போர்வைகள், திரைச்சீலைகள்,
ரைமோ மீன்பிடிக்கப் போகும் கூடாரம்,
விருந்துக்கு மட்டும் எடுக்கிற மேசைவிரிப்பு
எல்லாம் தோட்டத்துக்குப் போயின.
மூலைக்கு ஒரு கல்.
வெளிநாடு போனவர்களின் வரவேற்பறை மாதிரி
வெள்ளை வெள்ளையாய்க் கிடந்தது காய்கறிப் பாத்தி.
காலையில் பார்த்தால் பிளஸ் ஏழு.
கதகதப்பான இருட்டில்
ஓடில்லாத நத்தைகள் முட்டைக்கோஸைச்
சல்லடையாக்கியிருந்தன.

பதினான்காம் தேதி மறுபடி எச்சரிக்கை, மறுபடி போர்வை.
குளிருக்குப் பதில் காற்று வந்தது.
இரண்டு விரிப்புகள் வேலி தாண்டி
சொய்லே வீட்டுப் பெர்ரிப் புதரில் மாட்டின.
அவள் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்,
மேலே மூன்று வெள்ளரிக்காய் வைத்து.
ஒன்றும் சொல்லவில்லை.
வெள்ளரிக்காய் எங்களிடமே ஒரு வாளி இருந்தது.
அவளுக்கும் தெரியும்.

பத்தொன்பதாம் தேதி பிளஸ் நான்கு என்றார்கள்.
சௌனாவிலிருந்து வெறுங்காலோடு வந்த ரைமோ
முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து
"நட்சத்திரம் அதிகமாயிருக்கிறது" என்றான்.
"நான்கு என்று சொன்னார்களே" என்றேன்.
எனக்கு ஐந்தரைக்கு முதல் வண்டி.
இரண்டு முறை ஏமாந்த சலிப்பு வேறு.
போர்வைகளைப் போர்த்திக்கொண்டு
நாங்கள்தான் தூங்கினோம்.

விடியலில் சுக்கினி இலைகள்
வேகவைத்து மறந்த கீரை.
தக்காளிகள் கண்ணாடி.
பீன்ஸ் கொடி, கழற்றிப் போட்ட கறுப்புக் காலுறை.
"நான் சொன்னேனே" என்று ரைமோ சொல்லியிருந்தால்
சண்டையாவது போட்டிருக்கலாம்.
அவன் காப்பிக்குத் தண்ணீர் வைத்தான்.

அன்று முதல் வண்டியில்
வழக்கமாக வாய் திறக்காதவர்களெல்லாம் பேசினார்கள்.
மருந்துக்கடை பிர்யோவுக்கு டாலியா போயிற்று.
பள்ளிக்கூடச் சமையல்காரருக்கு
எண்ணி வைத்திருந்த பதினாறு பூசணி.
துக்க வீட்டுக்குப் போகிற வண்டியைப்போல
மெதுவாக ஓட்டினேன்.

பிறகு வந்தது அக்டோபர்.
பன்னிரண்டு நாள், பதினான்கு டிகிரி.
கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள்.
இங்கே இலை கெட்ட பிறகு
சூரியனே வந்து நமஸ்கரித்துக்கொண்டு நின்றது.
எனக்கு ஆசீர்வதிக்க மனமில்லை.
உதிர்ந்த பட்டாணி ஒன்று முளைத்து,
தேதி தெரியாமல் வெள்ளையாய்ப் பூத்தது.
அதைப் பறிக்கவுமில்லை, மூடவுமில்லை.
செத்த சுக்கினியைப் பார்க்கப் பிடிக்காமல்
பூப்போட்ட விரிப்பொன்றை அதன்மேல் எறிந்துவிட்டு
மறந்துபோனேன்.

சுவரோரம் தப்பிய பச்சைத் தக்காளி பதினோரு கிலோ.
செய்தித்தாளில், அதிலும் வானிலைப் பக்கமாய்ப் பார்த்துச் சுற்றிக்
கட்டிலுக்கடியில் வைத்தோம்.
சில அழுகின.
சில, யாரும் சொல்லாமலே, சிவந்தன.

நவம்பரில் மழை. மழை நின்ற இரவே உறைபனி.
விரிப்பை எடுக்கப் போனேன்.
செடியோடு ஒட்டி விறைத்திருந்தது.
உலுக்கியதும் உள்ளே கறுத்த தண்டுகள்
பொலபொலவென்று உதிர்ந்தன.
துணி மட்டும்
இலை இருந்த இடத்தில் இலையாய்,
தண்டு சாய்ந்த இடத்தில் சாய்ந்து
அப்படியே நின்றது.

ரைமோவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து,
உடையாமல் தூக்கிவந்து
சௌனாவின் முன்னறையில் வைத்தோம்.
அடுப்பு சூடேற அரைமணி ஆகும்.
அதுவரை
மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்.