நாற்பது குழி ஈரம்

கொரடாச்சேரிக்குத் தெற்கே, வெட்டாற்றங்கரையில்
ஒரு தகரக் கொட்டகையும் தராசும் சேர்ந்தால்
கொள்முதல் நிலையம்.
நான் அங்கே பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
கணிதத்தில் முதுகலை.
தேர்வு முடிவு வரும்வரைதான் என்று
மூன்றாவது குறுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி.
சாலையோரம் நெல்,
நெல்லின் மேல் தார்ப்பாய்,
தார்ப்பாயின் மேல் மழை.
குவியலுக்கு ஓர் ஆள் விழித்திருந்து
மேகத்தைக் காவல் காக்கும்.

ஈரப்பதமானி என் மேசையில்
என்னைப் பார்த்தபடி இருக்கும்.
ஒரு கைப்பிடி நெல்லை விழுங்கி
ஓர் எண்ணைத் துப்பும்.
எண்ணை நான் பார்ப்பேன்.
எதிரே நிற்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.
"காய வைங்க, நாலு நாள் ஆகட்டும்."
அந்த ஒரு வரிக்கு
ஒரு குடும்பம் நான்கு இரவு ரோட்டில் படுக்கும்.
தெரியும்.
தெரிந்துதான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

தையல்நாயகி ஐந்தாம் முறையாக வந்தாள்.
குத்தகைக்கு மூன்று மா.
இடுப்புக் குழந்தையை மேசைமேல் உட்காரவைத்துவிட்டு,
"அந்தப் பொட்டி உங்ககிட்ட மட்டுந்தான் பேசுமா மேடம்?"
குரலில் கோபம் இருந்திருந்தால்
பதில் வைத்திருந்தேன்.

திருப்பினேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.
உள்ளங்கை அகலப் பெட்டி, அரைவட்டம்.
சிவப்பு எழுத்தில் 17.4.

பதினேழுதான் எல்லை. பதினேழு அவளுக்குத் தெரிந்தது.
"அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் நாலு.
இது என்ன, வாலா?"
தசமம் என்றேன். பத்தில் நான்கு பங்கு என்றேன்.
பட்டியல் புத்தகத்தின் பின்னட்டையில்
கோடு போட்டுப் பத்தாக வெட்டினேன்.
ஐந்து வருடக் கல்லூரியை மொத்தமாகச் சுமந்து
அந்தப் புள்ளியின் மேல் இறக்கினேன்.
வரிசையே எட்டிப் பார்த்தது.
சுமைக்காரர் செங்கேணி தலைமூட்டையோடு நின்றார்.
யாருக்கும் இறங்கவில்லை.

அவள்தான் சொன்னாள்:
"பதினேழு மா, நாப்பது குழி."

'அட' என்று ஒரு சத்தம்
கொட்டகை முனைவரை போயிற்று.
நூறு குழி ஒரு மா.
நாற்பது குழி எவ்வளவு தூரம் என்று
அங்கே நின்ற எல்லாப் பாதத்துக்கும் தெரியும்.
"நாப்பது குழி ஈரத்துக்கு
ஒரு வெயில் போதுமே.
நாலு நாள்னீங்க?"

சொன்னேன்தான்.
வாழ்நாளில் ஒரு மரக்கால் நெல்லைக்கூட
நான் காய வைத்ததில்லை.

மதியம் வெயில் அடித்தது.
குவியலைக் காலால் கிளறக் கற்றுக்கொண்டேன்.
நடு விரலுக்குள் சுணை ஏறி இரவெல்லாம் அரித்தது.
நான்கு மணிக்குப் பதினாறு மா தொண்ணூறு குழி.
அவள் நெல் ஏறியது.

"திருப்பி வையும்மா, கூட்டம் கூடும்" என்றார்
கண்காணிப்பாளர் குஞ்சிதபாதம்.
கூடியது.
கரித்துண்டால் தூணில் எண்கள் ஏறின.
மூட்டைக்கு இவ்வளவு என்று நீண்ட கைகள்
கொஞ்ச நாள் சட்டைப்பைக்குள் இருந்தன.
பிறகு வேறு வழி கண்டுகொண்டன.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொழுது சாய்ந்தால் பெண்கள் வருவார்கள்,
முந்தானையில் முடிந்த காகிதங்களோடு.
வங்கிப் புத்தகம், நகைக்கடன் ரசீது,
பிள்ளையின் இருமல் மருந்துச் சீட்டு.
"இந்தப் புள்ளிக்குப் பின்னால என்ன மேடம்?"
எனக்குத் தெரியாததும் இருந்தது.
வட்டியைக் குழியில் சொல்ல
இரண்டு இரவு பிடித்தது.

தேர்வு முடிவு வந்தது.
இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று.
தையல்நாயகி மனதுக்குள் அளந்தாள்:
"ரெண்டு மாதானே.
ஆறு பொம்பள ஒரு நாள் நட்டா முடிஞ்சிரும்."
சிரித்தேன். அழுகையும் வந்தது,
மூக்கைத் துடைக்கப் பட்டியல் தாள்தான் கிடைத்தது.

அடுத்தமுறை எழுதுவேன்.
சம்பாவுக்கும் இதே கொட்டகையைக் கேட்டிருக்கிறேன்.
கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.
எதற்கும் இருக்கட்டும் என்று
பெட்டிக்கு ஒரு மரச்சட்டம் அடித்து
மேசையோடு முடுக்கிவிட்டேன்,
முகம் வாசலைப் பார்க்க.

குஞ்சிதபாதம் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்:
நாலு திருகாணியும் என் காசு.