பிழை, ஐந்து டிகிரி

சாக்ரனின் குளிர்பெட்டியில்
ஆறாவது முட்டை இருக்கவேண்டிய குழியில்
ஒரு குப்பி நிற்கிறது, சுண்டுவிரல் உயரம்.
பெப்டைட் என்கிறான்,
கடன் கொடுத்தவன் பெயரைச் சொல்கிற குரலில்.
ஃபீனிக்ஸில் ஜிம் வைத்திருப்பவன் விற்கிறான்,
மாதம் நாலாயிரம் ராண்ட்.
எலிக்கு அறுந்த தசைநாண் ஒட்டிக்கொண்டதாம்.
இருக்கலாம்.
பத்துக்கு எத்தனை வலி என்று
எலியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டர்பன் துறைமுகத்தில் அவனுக்கு வேலை
கப்பல்மேல் அடுக்கிய பெட்டிகளை இரும்புத் தடியால் பூட்டுவது.
தலைக்குமேல் கை, பதினாறு வருடம்.
வலது தோளில் நாண் பாதி கிழிந்துவிட்டது.
இடது தோளும் அதே வழியில்தான் போகிறது,
கொஞ்சம் பின்னால்.

அவன் என் தங்கை புருஷன்.
நான் சாட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில்
மூட்டுகளை மடக்கி நீட்டிக் கணக்கெழுதுகிறவள்.
ஊசிக்கு முன்னால் அளந்துவிடு என்றேன்.
சமையலறை நாற்காலி, பிளாஸ்டிக் கோணமானி,
சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கினான்.
வலது நூற்றுப் பன்னிரண்டு.
இடது நூற்று முப்பத்தொன்று.
வலி, பத்துக்கு ஏழு.

ஆறு வாரம் கழித்து
வலது நூற்று இருபத்தாறு.
பார்த்தாயா! என்று தங்கையைத் தூக்கினான்,
அந்தக் கையாலேயே.
வலி நாலு.
நாலாயிரம் கொடுத்தவனுக்கு
ஏழு என்று சொல்ல எப்படி மனம் வரும்?
தவிர, என் கைக்கே ஐந்து டிகிரி பிழை உண்டு.
ஒரே தோளை நானே காலையும் மாலையும் அளந்தால்
இரண்டு தோள் வரும்.

ஆனாலும் பதினாலு, ஐந்தைவிடப் பெரிது.
அதனால் இடதையும் தூக்கச் சொன்னேன்.
நூற்று நாற்பத்து மூன்று.
ஊசி படாத தோள்
கேட்காமலே பன்னிரண்டு ஏறி நிற்கிறது.

மருந்து ரத்தத்தில் ஓடும் அக்கா, என்றான்,
இடதுக்கும் போயிருக்கும்.
மறுக்க முடியவில்லை.
தோலுக்கடியில் போட்டது எங்கே போகும், எங்கே நிற்கும்,
அதற்கு என்னிடம் கோணமானி இல்லை.

அந்த ஆறு வாரமும் துறைமுகத்தில் வேலைநிறுத்தம்.
கப்பல்கள் வெளிக்கடலில் வரிசையாகக் கிடந்தன,
பல் டாக்டரிடம் காத்திருப்பவர்கள்போல.
யாரும் தடி தூக்கவில்லை.
இது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது,
பாத்திரம் கழுவும்போது.

ம்போங்கெனியைப் பிடித்தேன்.
அதே கப்பல், அதே தடி, அதே வயது.
நல்லவேளை, அவனை எங்கள் கிளினிக்கில் மார்ச்சில் அளந்திருந்தார்கள்.
ஊசி இல்லை, குப்பி இல்லை,
ஆறு வாரம் அம்மா வீட்டில் தூங்கினானாம்.
வாசல் கேட்டில் நின்றே கையைத் தூக்கினான்.
பதினொன்று கூடியிருக்கிறது.

பதினாலுக்கும் பதினொன்றுக்கும் நடுவே மூன்று.
அந்த மூன்றில் மருந்து இருக்கலாம்.
என் பிழையும் இருக்கலாம்; அது ஐந்து.
மூன்று போய் ஐந்துக்குள் ஒளிந்துகொண்டால்
யார் தேடுவது?
இருநூறு தோள் வேண்டும்.
பாதிக்கு மருந்து, பாதிக்கு உப்புத் தண்ணீர்,
யாருக்கு எதுவென்று போடுபவளுக்கும் தெரியக்கூடாது,
அளப்பவளுக்கும் தெரியக்கூடாது.
என்னிடம் இருப்பது மூன்று தோள், ஒரு தங்கை.

நோட்டில் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.
அளந்தபிறகு எழுதுகிற தெரியவில்லை
அளக்காமல் சொல்வதைவிடக் கனம்.
சாக்ரனிடம் அதைச் சொன்னால் சிரிப்பான்.

கேட்டில் ம்போங்கெனி கேட்டான்:
சாக்ரன் ஏதோ ஊசி போடுகிறானாமே,
எங்கே கிடைக்கும்?
உனக்குத்தான் குறைந்துவிட்டதே, என்றேன்.
குறைந்தது, என்றான்.
திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.