ஒன்பது நிமிடம்

யார் மாற்றியது என்று கேட்டால்
மகான்சு என்பார்கள்.
சுவரில் அவன் படம்தான் தொங்குகிறது.
வானொலிக்காரனும் அவன் பேரைத்தான் சொல்கிறான்.
பியர் இரண்டு உள்ளே போனபின் லுகோக்கி மட்டும்
மேசையைத் தட்டி மறுப்பான்:
"அக்கார்டியனை அடகு வைத்து
மின்சார கிதார் வாங்கி வந்தவன் நான்.
என் கடனில் பிறந்ததடா உங்கள் ரும்பா!"

நான் மூன்றாவது கிதார்.
மூன்றாவது கிதாருக்கு யாரும் படம் மாட்டுவதில்லை.
ஆனால் அன்றிரவு அங்கே இருந்தேன்.

லியோபோல்ட்வில். மழைக்கு முந்தின புழுக்கம்.
நதிக்கு அக்கரையில் பிரஸாவில் விளக்குகள்
ஈரத்தில் ஊறிக் கிடந்தன.

அப்போதெல்லாம் பாட்டென்றால் மூன்று நிமிடம்.
அரக்குத் தட்டு அவ்வளவுதான் கொள்ளும்.
கியூபாவிலிருந்து கப்பலில் வந்த தட்டுகளை
ஸ்டாவ்ரினோஸ் கடையில்
துணி மூட்டைகளுக்கு நடுவே விற்பார்கள்.
பாடுவது ஸ்பானிஷ், ஒரு எழுத்தும் புரியாது.
ஆனால் அடியில் ஓடிய தாளத்தை
இருட்டில் கேட்ட பங்காளியின் இருமல் போல
சட்டென்று அடையாளம் தெரிந்தது.
எங்கள் ஆட்களைக் கட்டி ஏற்றிக்கொண்டு போன கடல்
ஊசிமுனையில் கொஞ்சம்
திருப்பிக் கொடுத்திருந்தது.
அர்த்தம் தெரியாமலே அந்தச் சொற்களைப் பாடினோம்.
மூன்று நிமிடத்தில் ஒழுங்காக நிறுத்தினோம்.

அன்றைக்கும் நிறுத்தினோம்.
பாடகன் கைக்குட்டையை எடுத்துவிட்டான்.
ட்ரம்ஸ்காரன் சிகரெட் பற்றவைத்தான்.
பொலும்பு மட்டும் நிற்கவில்லை.

மரவள்ளி மாவு விற்பவள்.
செருப்பை எங்கோ எத்திவிட்டு
வெறுங்காலில், பாட்டே இல்லாமல்,
சிமெண்டுத் தரையில் ஆடிக்கொண்டிருந்தாள்.
சிரிக்கவில்லை. துணைக்கு யாரையும் அழைக்கவில்லை.
உள்ளங்கால் தரையில் விழும் சத்தம்
பட், பட்டென்று, அவ்வளவுதான்.

மகான்சு அவள் காலையே பார்த்தான்.
பிறகு நான்கு சுரம்.
அதே நான்கு. மறுபடி அதே.
கட்டைவிரலால் மீட்டும் லிகெம்பேயில்
சின்ன வயதில் வாசித்ததாம், பின்னால் சொன்னான்.
எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
வேலியில் ஓட்டை கண்ட ஆடு மாதிரி
அவன் விட்ட இடைவெளிகளில்
நுழைந்தேன், வந்தேன், நுழைந்தேன்.
கீழே விழுந்த சிகரெட் பாட்டுக்கு எரிய
ட்ரம்ஸ் சேர்ந்துகொண்டது.
நாற்காலிகள் பின்னுக்குப் போயின.
சுவரென்று நினைத்து
இத்தனை நாள் முட்டித் திரும்பிய இடத்தில்
கதவு இருந்திருக்கிறது.

ஒன்பது நிமிடம்.

அதற்குப் பிறகு சொற்களுக்காக யாரும் வரவில்லை.
பாடும்போது பியர் வாங்கப் போனார்கள்,
பாடி முடித்ததும் ஓடி வந்தார்கள்.
நைரோபியில், அபிஜானில்,
பெயர் வாயில் நுழையாத ஊர்களில் எல்லாம்
யாரோ அந்த நான்கு சுரத்தை
தன்னுடையதென்று வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.
இருக்கட்டும்.

வெகுகாலம் கழித்துப் படகுத்துறையில்
பொலும்புவைப் பார்த்தேன்.
எல்லாம் உன்னால்தான் என்றேன்.
மாவு பறக்கச் சிரித்தாள்.

"பாட்டா? செருப்பு வார் அறுந்துவிட்டது அன்றைக்கு.
வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்
என் புருஷன் வைத்திருந்தவள்,
புதுச் செருப்போடு, கால்மேல் கால் போட்டு.
ஒற்றைச் செருப்பை இழுத்துக்கொண்டு
அவள் முன்னால் நொண்டுவேனா?
அவள் எழுந்து போகிறவரை ஆடினேன்."

படியை நிரப்பித் தலைதட்டினாள்,
மேலே ஒரு பிடி கொசுறு போட்டாள்.
"அவள் பேர் என்ன?" என்றேன்.

"அதை என் வாயால் சொல்வேனாக்கும்.
காசை எடு, படகு கிளம்புகிறது."