நான்கு விரற்கடை

சுல்மீரா ரீலைத் துவாலையில் சுற்றி
மூச்சுவிடும் எதையோ ஏந்துவதுபோல எடுத்துவந்தாள்.
கால்நடை மருத்துவரிடம் சீட்டாட்டத்தில் ஜெயித்தது.
அவள் ஸ்கூட்டரை விற்றாலும்
அதன் கைப்பிடிக்குக்கூடக் காணாது.

"இதற்கொரு கோல் வேண்டும்.
ஆழத்தில் ஈயமீனைக் குலுக்கி இழுக்கிற கோல்.
அழகாகச் செய்துவிடாதே."

மதலேனாவில் டயர்க் கடைக்குப் பின்னால் என் பட்டறை.
ஜன்னலில் பீக்கோ மலை,
பாதி நாள் மேகம் அதைக் கடன் வாங்கிப் போயிருக்கும்.
கார்பன் குழல் ஒன்றை எடுத்து
நுனியை மேசையில் ஊன்றி, வளைத்து, உருட்டினேன்.
எந்தக் குழலுக்கும் ஒரு முதுகெலும்பு உண்டு;
ஓரிடத்தில் டக்கென்று புரண்டு படுத்துக்கொள்ளும்
தூக்கத்திலும் பிடிவாதம் விடாதவர்கள் மாதிரி.
அங்கே வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு.

பிறகு வளையங்கள்.
அவள் காசை எண்ணி மலிவான பெட்டியைத் தள்ளினேன்.
பஞ்சைத் திரித்து ஒவ்வொன்றுக்குள்ளும் இழுத்தாள்.
ஆறாவதில் பஞ்சு சிக்கியது. மயிரிழை விரிசல்.
மீன் ஏலக்கூடத்தில் இருபது வருடம்
கண்ணைப் பார்த்தே விலை சொன்னவள்.
பெட்டியை மூடினேன்.

டைட்டானியம் சட்டம், இரண்டு காலூன்றி நிற்பவை.
முதலாவது மேலே, அடுத்தது சற்றுச் சாய்ந்து,
கொடி சுற்றுவதுபோல அடிப்பக்கம் இறங்கும்.
மீன் இழுக்கையில் கோல் கையில் புரளாது.
ரீல் சீட் கறுப்பு அலுமினியம், இரட்டைப் பூட்டு.
"குலுக்கினால் கழன்றுபோகிற எதையும்
நான் வைத்துக்கொள்வதில்லை" என்றாள்.
மோதிரமில்லாத விரலைப் பார்க்காததுபோல இருந்தேன்.

இனி என் தப்பு.

அடிக்கட்டை கக்கத்தில் செருகி நிற்க வேண்டும்.
அங்கிருந்து ரீல்வரை உள்ள தூரம்
இழுப்பவர் கை எவ்வளவோ அவ்வளவு.
அவள் கையை அளந்தேன். சுவரில் எழுதினேன்.
இரவு பசையைக் குழைக்கையில்
என் கையை நீட்டிப் பார்த்து ஒட்டிவிட்டேன்.
எபாக்சிக்குப் பொறுமை உண்டு, நாற்பது நிமிடம்.
விடிந்தால் கல்.

நான்கு விரற்கடை கூடுதல்.

வேறு யாரென்றாலும் "பழகிவிடும்" என்றிருப்பேன்.
சொல்லியும் இருக்கிறேன், எத்தனையோ பேரிடம்.
ஒருவரும் திரும்பிவந்து மறுக்கவில்லை.
அதைத்தான் இத்தனை காலம்
கைத்திறன் என்று நினைத்திருந்தேன்.

ரம்பத்தை எடுத்தேன்.
கறுப்புப் பொடி மூக்கிலும் காப்பியிலும்.
குறுக்குக் காடி போட்ட புது அடிமூடி, என் செலவில்.
கறுப்பு நூல் சுற்றி, பூச்சு பூசி,
கோழி வாட்டும் மோட்டாரில் இரவெல்லாம் சுழலவிட்டு
குமிழிகளை ஸ்பிரிட் விளக்கில் ஒவ்வொன்றாகக் கொன்றேன்.

வந்தாள். இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தாள்.
"எங்கேயோ எடை குறைகிறதே. வெட்டிய துண்டு எங்கே?"
கொடுத்தேன்.
கைப்பைக்குள் போட்டுக்கொண்டு
நான்கு விரற்கடைக்கான விலையைக் கழித்துப் பணம் எண்ணினாள்.

எட்டு நாள் கழித்துக் கடலிலிருந்து ஓர் அழைப்பு,
பாதி காற்று, பாதி அவள்.
தொண்ணூறு பாகத்தில் ஒரு லீரியோ.
எங்கள் தீவுகளில் அந்த முரட்டு மீனுக்கு
லில்லிப் பூவின் பெயர்.
"கிடைத்ததா?"
"பாறைக்குள் புகுந்து நரம்பை அறுத்துக்கொண்டது."
"எவ்வளவு இருக்கும்?"
"தராசில் ஏறாததற்கு நான் எடை சொல்வதில்லை."
"கோல்?"
"கக்கத்தில்தான் இருக்கிறது" என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை பழைய ரசீதுகளைத் தேடி எடுத்தேன்.
முதலில் எவாரிஷ்து, குட்டைக் கைக்காரர்,
ஒன்பது வருடமாக என்னைப் புகழ்கிறவர்.
எண்ணை அழுத்தினேன்.
மணி போகிறது.
எடுத்தால் எப்படி ஆரம்பிப்பது?