ஐம்பத்து நாலு, ஐம்பத்து நாலு

உம்முல் குவைன் கழிமுகத்தில்
ஒன்பது கோடை உழைத்த வழிகாட்டிப் படகு
கரையேறிக் கிடக்கிறது, மேல்தளம் வெடித்து.
விரிசல்கள் நேராக ஓடவில்லை.
வீடு தேடுகிறவன் போல வளைந்து வளைந்து
கயிறு கட்டும் கட்டைகளைச் சுற்றிப் போகின்றன.

உள்ளங்கை அளவு வெட்டி எடுத்தோம்.
ஒரு நாள் முழுக்க நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தேன்.
சதுர சென்டிமீட்டருக்குப் பதினைந்து மில்லிகிராமுக்குள் இழந்தால்
பிழைத்த உலோகம்.
இது நாற்பத்தொன்று இழந்தது.
தராசைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
நாற்பத்தொன்றுதான்.

வாங்கியபோது குறை இல்லை.
ஐம்பது எண்பத்து மூன்று:
கடலுக்கென்றே உருட்டிய தகடு, சான்றிதழும் உண்டு.
உப்பால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை;
அடித்தட்டைத் தட்டினால் இன்றும் கணீர் என்கிறது.
கெடுத்தது மேலே பூசிய கருநீலப் பெயின்ட்.

பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெயிலில் வேலை கூடாது என்கிறது கோடைச் சட்டம்.
மனிதருக்கு.
தகட்டுக்கு அப்படி ஒரு விசில் இல்லை.
ஆகஸ்ட் பிற்பகலில் தொட்டு அளந்தேன்:
எழுபத்திரண்டு டிகிரி.
அந்தச் சூட்டில்
நூற்றுக்கு நாலரைப் பங்காய்க் கரைந்திருந்த மக்னீசியம்
இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளாமல்
மெல்ல நடக்கத் தொடங்கும்.
அணு அணுவாய், கோடை கோடையாய்ப் போய்ப்
படிக மணிகளின் எல்லையில் வரிசை கட்டி நிற்கும்.
பிறகு கடல் வரும்.
எல்லையைத்தான் முதலில் தின்னும்.

இபுராம்சா வெல்டிங் முகமூடியைத் தூக்கிக் கேட்டான்:
"எல்லையில வரிசையா? விசா புதுப்பிக்கவா மேடம்?"

ஷார்ஜாவிலிருந்து விற்பனையாளர் ஒருவர் வந்தார்.
விமானத்துக்குப் போடுவதாம், இதைவிடப் பலம் கிடையாதாம்.
செம்பு கலந்து வந்த பலம்.
வானத்துக்குச் சரி.
கடலுக்கு அது கருப்பட்டி.

அறுபது எண்பத்திரண்டு?
கைப்பிடிக் குழாய்க்கு வைத்துக்கொள்ளலாம்.
தளத்துக்கு வேண்டாம்;
வெல்டிங் நெருப்பு தொட்ட ஓரத்தில் பாதிப் பலம் போய்விடும்,
தையலை ஒட்டியே கிழியும் சட்டை மாதிரி.

நான் எழுதிக் கொடுத்தது
ஐம்பத்து நாலு, ஐம்பத்து நாலு.
மக்னீசியம் மூன்றுக்குள். சூட்டில் இடம் மாறாது.
பலம் கொஞ்சம் குறைவு,
ஆகவே ஆறு மில்லி இருந்த இடத்தில் எட்டு மில்லி.
எடை கூடும். வேகம் ஒரு நாட் குறையும்.
விலையைப் பார்த்து ராஷித் பின் உபைத்
நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.
"வெள்ளை அடித்தால் பழைய ரகமே போதும்,"
என்றேன், நேர்மைக்காக.
"வெள்ளை ஆம்புலன்சுக்கு," என்றார்.
கருநீலத்துக்காக எட்டு மில்லி வாங்கினார்.
ஒரு மனிதர் எதற்குப் பணம் தருவார் என்பதற்கு
எந்த ஆலையும் சான்றிதழ் அனுப்புவதில்லை.

தளத்தை மூடுமுன்
படகின் வயிற்றுக்குள் இறங்குகிறவர்கள்
பைகளைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். இது என் சட்டம்.
ஒரே ஒரு செப்புக் காசு போதும்,
தேங்கிய உப்புநீரில் கிடந்து கிடந்து
தன் வட்டத்தை அடித்தட்டில் தோண்டிவிடும்.
சாவிகள் வந்தன. சில்லறை வந்தது.
யாரோ ஒரு பித்தளைக் கொக்கி.
இபுராம்சா கடைசியாக,
உடம்புச் சூட்டுக்கு நல்லதென்று போட்டிருந்த செப்பு மோதிரத்தைச்
சோப்பு தடவித் திருகிக் கழற்றினான்.
பதினோரு வருடமாம்.
விரலில் அந்த இடம் மட்டும்
வேறு யாருடைய தோலோ போல வெளுத்திருந்தது.

மூன்று மணி விசில்.
உள்ளே நீல வெளிச்சம்.

மாலையில் அவன் கேட்க மறந்தான்,
நான் கொடுக்க மறந்தேன்.
இரவு அறையில் சட்டையை உதறியபோது
மேசைமேல் விழுந்து உருண்டது மோதிரம்,
வெட்டியெடுத்த அந்தப் பழைய தகட்டுத் துண்டுவரை.
இரண்டும் ஒட்டிக் கிடந்தன.
இனி அதற்கு ஆவது ஒன்றுமில்லை.
இருந்தும் எழுந்து போய்
நாலு விரல் தள்ளி வைத்தேன்.